ஒக்சானா சுசோவிட்டினா இத்தனை வருடம் தாவியது மகனுக்காக மட்டுமா?

ஈசூன்காரன்

வாட்ஸப்பில் அந்தப் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. உஸ்பெகிஸ்தான் ஜிம்னாஸ்ட் ஒக்சானா சுசோவிட்டினா, கீழே பெரிய எழுத்தில் தாய்ப்பாசம் பற்றி நாலு வரி. பெரியம்மா அனுப்பினார், அலுவலகக் குழுவில் வந்தது, கோயில் தொண்டூழியர் குழுவிலும் வந்துவிட்டது. மகனுக்கு ரத்தப் புற்றுநோய், அம்மா ஜெர்மனிக்குப் போனார், போட்டிகளில் ஜெயித்த காசில் வைத்தியம் பார்த்தார், பையன் பிழைத்தான், சுபம்.

சொன்னது பெரும்பாலும் உண்மைதான். சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் யாரோ ஒரு அம்மா பணத்துக்காக ஜிம்னாஸ்டிக்ஸில் குதித்தார் என்று நினைத்துக்கொள்வார்கள். மகன் பிறப்பதற்கு எட்டு வருடம் முன்பே அவர் உலக சாம்பியன்.

1975இல் புக்காராவில் பிறந்தவர். 1991இல் இண்டியானாபொலிஸ் உலகப் போட்டியில் சோவியத் அணிக்காக ஆடினார், வயது 16. அணிக்குத் தங்கம், தரைப் பயிற்சியில் தனியாக ஒரு தங்கம், ஓடிவந்து கை ஊன்றித் தாவும் வால்ட்டில் வெள்ளி. உடலை மடக்காமல் நேராக வைத்து, ஒரு முழுத் திருகலோடு இரட்டைக் குட்டிக்கரணம் போட்டார். அந்த அசைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். இப்படி அவர் பெயரில் ஐந்து அசைவுகள் விதிப்புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் போட்டி முடிந்து சில மாதங்களில் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லை. 1992 பார்சிலோனாவுக்கு ‘ஒருங்கிணைந்த அணி’ என்ற பெயரில் போய் அணித் தங்கம் வாங்கினார். மறு வருடத்திலிருந்து உஸ்பெகிஸ்தான்.

சோவியத் காலத்துப் பணமும் வசதியும் வற்றிப்போன இடத்திலிருந்து பயிற்சி செய்து 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒட்டுமொத்தப் பிரிவில் 10ஆம் இடம் வந்தார். நான்கு கருவிகளிலும் ஆடி வந்த இடம் அது. 1999 கடைசியில் மகன் அலிஷேர் பிறந்தான். ஒரு வயது ஆவதற்குள் சிட்னி ஒலிம்பிக். 2002இல் அவனுக்கு லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) என்று தெரிந்தது. உள்ளூரில் அதற்குச் சரியான சிகிச்சை இல்லை. கொலோன் நகரத்துக் கிளப் ஒன்று கைகொடுத்தது, பல நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் ரசிகர்கள் நன்கொடை திரட்டினார்கள். ஜெர்மனியில் தங்கிக்கொண்டே உஸ்பெகிஸ்தானுக்காக ஆடி 2003இல் அனஹைமில் வால்ட்டில் உலகத் தங்கம் வென்றார். 2006இல் ஜெர்மன் குடியுரிமை, 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காக வால்ட்டில் வெள்ளிப் பதக்கம், வயது 33. அந்த வருடத்துக்குள் மகனும் குணமாகிவிட்டான்.

வாட்ஸப் கதை இங்கே முடிகிறது. அவர் முடிக்கவில்லை. 2011இல் உலக வெள்ளி. 2012 லண்டனில் 5ஆம் இடம். 2013இல் மறுபடியும் உஸ்பெகிஸ்தான் கொடி. 2016 ரியோ இறுதிச்சுற்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி. 2021 தோக்கியோ, அது எட்டாவது ஒலிம்பிக். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 48 வயதில் 4ஆம் இடம்.

மகனுக்காக என்றால் 2008க்குப் பிறகு வந்த 15 வருடங்கள் யாருக்காக? இதைப் பெரியம்மாவிடம் கேட்டேன். ‘நீ எதையும் நல்ல மனசோடு பார்க்க மாட்டியா’ என்றார். அதனால் இங்கே கேட்கிறேன்.

---

தெம்பனிஸ் மல்லிகா

தம்பி, உங்கள் பெரியம்மா கேட்டது நியாயமான கேள்விதான்.

2002 முதல் 2008 வரை அந்தப் பெண் எப்படி இருந்திருப்பார் என்று கொஞ்சம் யோசியுங்கள். தெரியாத ஊர், தெரியாத மொழி, மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைக்குக் கீமோ. பிள்ளையோடு ஆஸ்பத்திரி வார்டில் இரவு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், காலையில் ஒரு கோப்பி வாங்கக் கீழே இறங்குவதே பெரிய காரியம். அந்த நிலையில் ஒருவர் பயிற்சிக்கூடத்துக்குப் போய் உலகத் தங்கம் வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லி நாலு பேர் கண் கலங்கினால் உங்களுக்கு என்ன குறை? பாதிக் கதை என்கிறீர்கள். சரி, ஆனால் கனமான பாதி அதுதானே.

---

ஈசூன்காரன்

அக்கா, கண் கலங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது 50.39 விநாடி என்று நேரத்தைச் சொல்லிக் கொண்டாடினோம். மைக்கல் ஃபெல்ப்ஸை முந்தினான் என்றோம். பெற்றோர் பட்ட பாட்டையும் பேசினோம், ஆனால் நீச்சலைப் பற்றிப் பேசிய பிறகு. இந்தப் பெண்ணின் வால்ட்டைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு சொல்கூட இல்லையே, அதைத்தான் கேட்கிறேன்.

---

கோப்பி ஓ கோசோங்

நடுவில் ஒரு சந்தேகம். எனக்கு 42. பேருந்தைப் பிடிக்க ஓடினாலே முட்டி சத்தம் போடுகிறது. 48 வயதில் அந்த மேசைமேல் எப்படித் தாவுகிறார்? ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் 16 வயதுப் பெண்கள் ஆடுவதுதானே? வயதானவர் என்று நடுவர்கள் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறார்களா?

---

பழைய பயிற்றுநர்

நடுவர்கள் வயது பார்த்துப் போடுவதில்லை. வால்ட்டில் அதற்கு இடமும் குறைவு. நான் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன், இப்போது ஓய்வு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு நான்கு கருவிகள்: வால்ட், ஏற்றத்தாழ்வுக் கம்பிகள், சமநிலைக் கட்டை, தரை. கம்பியில் உள்ளங்கைத் தோல் கிழியக் கிழியத் தினமும் தொங்க வேண்டும். கட்டை 10 சென்டிமீட்டர் அகலம், அதில் நிதானம் வருவதற்கு ஆயிரம் முறை செய்ய வேண்டும். தரையில் ஒன்றரை நிமிடம் மூச்சு தாங்க வேண்டும். வால்ட்டில் ஓட்டம் அதிகபட்சம் 25 மீட்டர். பலகையை மிதித்து, 1.25 மீட்டர் உயர மேசையில் கை ஊன்றி எம்பி, காற்றில் சுற்றி, இறங்கினால் தீர்ந்தது. சில விநாடி வேலை. வேகமும் கால் வெடிப்பும் கை ஊன்றும் கணமும் சரியாக இருக்க வேண்டும். வயதாக ஆக உடல் வளைவு முதலில் போகும், மூச்சு அடுத்துப் போகும். பராமரித்தால் வெடிப்புச் சக்தி நிறைய நாள் நிற்கும். எந்தக் கணத்தில் கை ஊன்றுவது என்கிற அறிவு குறைவதே இல்லை, கூடத்தான் செய்யும். அதனால்தான் பிற்காலத்தில் வால்ட்டைப் பிடித்துக்கொண்டார் என்பது என் கணிப்பு. புத்திசாலித்தனமான முடிவு. உலகப் போட்டிகளில் வால்ட்டில் மட்டும் 9 பதக்கம் வைத்திருக்கிறார். தனிநபராக ஒரே கருவியில் இத்தனை வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் தொடங்கியபோது இப்போதிருக்கும் மேசையே கிடையாது. பெண்கள் பழைய ‘குதிரை’யைக் குறுக்கே போட்டுத் தாவினார்கள். கை வைக்க இடம் மிகக் குறைவு, தவறினால் தலைதான் அடிபடும். (சிட்னி 2000இல் அந்தக் குதிரையை 5 சென்டிமீட்டர் தாழ்வாக வைத்துவிட்டார்கள். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் விழுந்து எழுந்தார்கள். பாதிப் போட்டி முடிந்த பிறகு ஓர் ஆஸ்திரேலியப் பெண் சொல்லித்தான் கவனித்தார்கள். உலகத்திலேயே பெரிய போட்டியில் ஓர் அளவுநாடாவுக்குப் பஞ்சம்!) 2001இல் மேசை வந்தது. 2006இல் 10 புள்ளி முறை போய், கடினத்துக்குத் தனி, செய்த சுத்தத்துக்குத் தனி என்று மதிப்பெண் பிரிந்தது. கருவி மாறியது, கணக்கு மாறியது, நாடு மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றுக்கொண்டு இறுதிச்சுற்றுக்கு வந்தார். மற்றவர்கள் பாசத்தைப் பேசட்டும், என்னைக் கேட்டால் இதுதான் அதிசயம்.

அப்புறம், ‘16 வயதுப் பெண்கள் ஆடுவது’ என்ற நினைப்பு. ஹங்கேரியின் ஆக்னெஸ் கெலெட்டி 1956 மெல்பர்னில் தங்கம் வாங்கும்போது 35 வயது. சோவியத்தின் லாரிசா லாட்டினினா 1958 உலகப் போட்டியில் வயிற்றில் பிள்ளையோடு ஆடி ஆறில் ஐந்து தங்கம் எடுத்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்காவுக்கு 1968 ஒலிம்பிக்கில் 26 வயது. அப்போதெல்லாம் அது வளர்ந்த பெண்களின் விளையாட்டு. 1970களில் சின்னப் பெண்கள் வந்தார்கள், 14 வயது நாடியா கோமனெச்சி 1976 ஒலிம்பிக்கில் 10க்கு 10 வாங்கினார், உடனே எல்லா நாடும் குழந்தைகளைத் தேட ஆரம்பித்தது. குறைந்தபட்ச வயதை 1981இல் 15 ஆக்கினார்கள், 1997இல் 16. சுசோவிட்டினா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய பாட்டிகள் ஆடிய விளையாட்டை அவர் திரும்ப ஆடினார், அவ்வளவுதான்.

---

கோப்பி ஓ கோசோங்

அடேயப்பா. நன்றி சார். வயிற்றில் பிள்ளையோடு ஐந்து தங்கமா! என் மனைவியிடம் சொன்னேன், ‘இதை வைத்து என்னிடம் எதுவும் ஆரம்பிக்காதே’ என்றாள்.

---

சிராங்கூன் ரவி

ரியோ பற்றி யாரும் பேசவில்லையே. 2016 ஆகஸ்டில் அந்த இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லை. சனிக்கிழமை காலையில் ஸ்கூலிங் தங்கம். அடுத்து ஞாயிறு நள்ளிரவு தாண்டி தீபா கர்மாகரின் வால்ட் இறுதிச்சுற்று. எங்கள் அறையில் தங்கியிருந்த ஆறு பேரும், எல்லாரும் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஒரே கைப்பேசியில் பார்த்தோம். ஒருத்தனுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாது. அகர்த்தலாவிலிருந்து ஒரு பெண், தட்டைப் பாதம், ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட், அது போதும்.

தீபா 15.066. சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்கிரூபர் 15.216, வெண்கலம். 0.150இல் போச்சு. மறுநாள் காலை வேலைக்குப் போகையில் லாரியில் ஒருவரும் பேசவில்லை.

அதே இறுதிச்சுற்றில் இந்த அம்மாவும் இருந்தார், 41 வயது. தீபா செய்த அதே புரோடுனோவா தாவலை இவரும் செய்தார். அவர் ஏன் அந்த வயதில் அதைச் செய்ய வேண்டும்? கழுத்து முறிந்தால்?

---

பழைய பயிற்றுநர்

ரவி, நல்ல கேள்வி.

புரோடுனோவா என்பது கையூன்றி எழும்பி முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம். ரஷ்யாவின் யெலேனா புரோடுனோவா 1999இல் செய்து காட்டியது. அப்போது நடப்பிலிருந்த விதிப்படி அதன் கடினப் புள்ளி 7.0, வால்ட்டிலேயே உச்சம். முன்பக்கம் சுற்றும்போது தரை எப்போது வரும் என்று கண்ணுக்குத் தெரியாது. கால் மணி நேரம் பயிற்சி செய்தாலே உடம்பு கெஞ்சும்.

பிறகு ஏன்? இறுதிச்சுற்றில் இரண்டு வெவ்வேறு தாவல், சராசரிதான் மதிப்பெண். அந்த வருடம் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், ரஷ்யாவின் மரியா பசேகா எல்லாரும் பெரிய கடினத்தோடு வந்தார்கள். தெரிந்ததைச் சுத்தமாகச் செய்தால் அவருக்கு ஆறாவது ஏழாவது இடம் உறுதி, பதக்கம் கிடையாது. புரோடுனோவாவில் நின்றுவிட்டால் பதக்கத்துக்கு வாய்ப்பு. பந்தயம் வைத்தார், இறங்கியதும் நிற்க முடியாமல் முன்னால் உருண்டார். 7ஆம் இடம்.

கௌரவமாக வந்து கையசைத்துவிட்டுப் போகிறவர் இதைச் செய்ய மாட்டார். பதக்கத்துக்கு வந்தவர்தான் செய்வார். ஈசூன்காரர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் அதிலேயே இருக்கிறது.

பிறகு அந்தத் தாவலின் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். சரியான முடிவு என்பேன். புள்ளிக்காக, தயாராகாத பிள்ளைகளை அதில் இறக்கும் ஆசை குறையும்.

---

சிராங்கூன் ரவி

தீபாவின் கதையையும் முடித்துவிடுகிறேன். நடுவில் முழங்கால் அறுவை சிகிச்சை, ஊக்கமருந்து விவகாரத்தில் 21 மாதத் தடை, 2023 ஜூலையில் அது முடிந்தது. 2024இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப், வால்ட்டில் தங்கம். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் கிடைத்த முதல் தங்கம். அந்த வருட அக்டோபரில் ஓய்வு, 31 வயது. அதே தாஷ்கண்டில், சொந்த ரசிகர்கள் முன்னால், சுசோவிட்டினா பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற ஆடியிருக்க வேண்டியது. காயத்தால் விலகிவிட்டார். ஒன்பதாவது ஒலிம்பிக் நழுவியது அப்படித்தான்.

---

காலாங் கணேசன்

எல்லாம் சரி, எனக்கு ஒரு நெருடல். சோவியத், உஸ்பெகிஸ்தான், ஜெர்மனி, மறுபடியும் உஸ்பெகிஸ்தான். பெய்ஜிங்கில் வாங்கிய வெள்ளி யாருடையது? ஜெர்மனி வளர்த்ததா, ஜெர்மனி வாங்கியதா?

இங்கே இதையே எத்தனை வருடம் பேசினோம். அதே 2008 பெய்ஜிங்கில் நம் பெண்கள் மேசைப்பந்து அணி வெள்ளி வாங்கியது. லீ ஜியாவெய், ஃபெங் தியன்வெய், வாங் யூகு, மூவருமே சீனாவில் பிறந்தவர்கள். 48 வருடத்துக்குப் பிறகு நமக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம், ஆனால் கோப்பிக்கடையில் பாதிப் பேர் கைதட்டவில்லை. ‘இது நம் பிள்ளையா?’ என்று என் மாமாவே கேட்டார். ஜெர்மன்காரருக்கு ஒரு நியாயம், சிங்கப்பூருக்கு ஒரு நியாயமா?

---

உட்லண்ட்ஸ் வாசகி

கணேசன் அண்ணே, 1960 ரோமில் நமக்கு முதல் பதக்கம் வாங்கிக்கொடுத்த பளுதூக்கும் வீரர் டான் ஹாவ் லியாங் எங்கே பிறந்தார் என்று உங்கள் மாமாவிடம் கேளுங்கள். சீனாவின் சுவாத்தோவில்! சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவர். அவரை ‘நம் பிள்ளையா’ என்று ஒருவரும் கேட்டதில்லை. 2024 டிசம்பரில் அவர் இறந்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது. சின்ன வயதில் வந்தால் நம்மவர், இருபது வயதில் வந்தால் அந்நியரா? கோடு எங்கே போடுவது?

நம் தாத்தா கப்பலில் வந்த வருடத்தை வைத்து நமக்கும் யாராவது கோடு போட்டிருந்தால்?

---

காலாங் கணேசன்

நியாயம்தான் தங்கச்சி, ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டான் ஹாவ் லியாங் இங்கே வளர்ந்து இங்கே பளுதூக்கக் கற்றவர். மேசைப்பந்துப் பெண்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட பிறகு வரவழைக்கப்பட்டவர்கள். சுசோவிட்டினாவும் தயாராகப் போனவர். நான் பிறந்த இடத்தைக் கேட்கவில்லை, பயிற்சி எங்கே என்று கேட்கிறேன்.

---

உட்லண்ட்ஸ் வாசகி

அப்படிப் பார்த்தால் ஸ்கூலிங்? 14 வயதில் ஃபுளோரிடா போய்விட்டார், பிறகு டெக்சஸ். பயிற்சி அங்கே. அந்தத் தங்கத்தை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிடுவோமா?

சுசோவிட்டினா விஷயத்தில் ஜெர்மனி ‘வாங்கியது’ என்று சொல்வது சரியில்லை. 2002இல் போனார், 2006இல்தான் குடியுரிமை. நடுவில் நான்கு வருடம் கொலோனில் பயிற்சி செய்து பதக்கத்தை உஸ்பெகிஸ்தானுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், 2003 உலகத் தங்கம் உட்பட. கொடி பார்த்து உதவி செய்திருந்தால் அந்தக் கிளப் முதல் வருடமே கணக்குக் கேட்டிருக்கும். குடியுரிமை கிடைத்ததும் ஜெர்மனிக்கு ஆடினார், ஒலிம்பிக் வெள்ளி கொடுத்தார். பையன் நன்றாக ஆனபின் ஊர்ப்பக்கம் திரும்பினார். இதில் துரோகம் எங்கே, வியாபாரம் எங்கே? கடனை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

---

பழைய பயிற்றுநர்

இந்தச் சண்டையில் நான் இல்லை. அந்த வெள்ளி எப்படி வந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அது கொடியைவிடச் சுவையானது. பெய்ஜிங் இறுதிச்சுற்றில் வடகொரியாவின் ஹாங் உன்-ஜாங் 15.650. சுசோவிட்டினா 15.575. சீனாவின் செங் ஃபெய் 15.562. முதல் இருவருக்கும் நடுவில் 0.075. இறங்கும்போது கால் ஒரு சின்ன அடி நகர்ந்தால் கழிப்பது 0.1. இரண்டு தாவலின் சராசரியில் அது 0.05. அதாவது ஒன்றரைச் சின்ன அடிதான் வித்தியாசம். செங் ஃபெய் அப்போது மூன்று முறை உலக சாம்பியன், சொந்த நாடு, அரங்கம் முழுக்க அவருக்காகக் கத்தியது. இரண்டாம் தாவலில் முழங்காலில் விழுந்தார். எல்லாரும் தங்கம் அவருக்கு என்று எழுதிவைத்திருந்த இறுதிச்சுற்றில் 33 வயதுக்காரர் இரண்டு தாவலையும் காலில் இறக்கினார். நின்றவருக்குப் பதக்கம்.

---

பீஷான் அம்மா

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், எனக்கு வீட்டுக் கவலை. என் மகள் தொடக்கநிலை 4, ஜிம்னாஸ்டிக்ஸ் பைத்தியம். வாரத்தில் நாலு நாள் பயிற்சி, மீதி நாள் டியூஷன். அடுத்த வருடம் எல்லாரும் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) என்று பயமுறுத்த ஆரம்பிப்பார்கள். கூடப் பயில்கிற அக்காமார்கள் உயர்நிலை 1, 2 வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள்.

2010 இளையர் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் எங்கள் பீஷான் விளையாட்டு மண்டபத்தில்தான் நடந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை, தோழியோடு போய்ப் பார்த்தேன். ரஷ்யாவின் விக்டோரியா கோமோவா, 15 வயது, ஒட்டுமொத்தத் தங்கம். கம்பியில் அவர் போனதைப் பார்த்தால் எலும்பே இல்லாத மாதிரி இருக்கும். இரண்டு வருடத்தில் லண்டன் ஒலிம்பிக் வெள்ளி. ஆனால் முதுகும் கணுக்காலும் அவரை விடவில்லை, ரியோவுக்குப் போக முடியவில்லை. 21 வயதில் எல்லாம் முடிந்த மாதிரி பேசினார்கள். இந்தப் பக்கம் 48 வயதில் ஒருவர் தாவுகிறார். ஒரே விளையாட்டுதானா இது?

நம் ஊரிலும் லிம் ஹீம் வெய் 2012இல் போனார், ஒலிம்பிக் போன முதல் சிங்கப்பூர் ஜிம்னாஸ்ட். தோக்கியோவுக்கு டான் ஸி என். அவ்வளவுதான் இதுவரை என் மகளுக்குக் காட்ட இருக்கிற பெயர்கள்.

அத்தைமார்கள் வேறு ‘பெண்பிள்ளை, உயரம் நின்றுபோகும்’ என்கிறார்கள். போதாக்குறைக்கு முன்னால் போன ஒரு பயிற்சிக்கூடத்தில் எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘வயிற்றைக் குறை’ என்று சொன்னார்கள். அன்றைக்கே கூட்டிவந்துவிட்டேன்.

---

பழைய பயிற்றுநர்

கூட்டிவந்தது மிகச் சரி. எட்டு வயதுப் பிள்ளையிடம் எடை பேசுகிற இடத்தில் ஒரு நாள்கூட விடக்கூடாது.

உயரம்: ஜிம்னாஸ்டிக்ஸ் செய்து குட்டையாவதில்லை. குட்டையானவர்களுக்குக் காற்றில் சுற்றுவது எளிது, அதனால் அவர்கள் மேலே வருகிறார்கள், நாம் டிவியில் அவர்களையே பார்க்கிறோம். ஆனால் நன்றாகச் சாப்பிடாமல் ஓயாமல் பயிற்சி செய்தால் வளர்ச்சி தாமதமாகும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்றால் உடனே நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள், வளரும் எலும்பு.

உயர்நிலையில் நிற்பதற்குக் காரணம் படிப்பு மட்டுமில்லை. 12, 13 வயதில் உடம்பு மாறும்போது பழைய அசைவெல்லாம் திடீரென்று வராது. பயிற்றுநர் அதைச் சோம்பல் என்று நினைப்பார், பிள்ளை தனக்குத் திறமை போய்விட்டது என்று நினைக்கும். ஒரு வருடம் பொறுத்தால் திரும்ப வரும். பொறுப்பதற்கு இங்கே யாருக்கும் நேரம் இல்லை. சுசோவிட்டினாவின் படத்தை மகளிடம் காட்டுவதென்றால் 2008ஐக் காட்டாதீர்கள். பிள்ளை பெற்று ஓராண்டுக்குள் சிட்னி போய் எதுவும் வாங்காமல் வந்தாரே, அடுத்த வருடம் 2001இல் உலக வெள்ளி வாங்கினாரே, அந்த இரண்டு வருடத்தைக் காட்டுங்கள். மாறின உடம்பை மறுபடி பழக்கியவர் அவர்.

---

தெம்பனிஸ் மல்லிகா

சார் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தோக்கியோ காணொளியைத் தேடிப் பார்த்தேன். கொவிட் காலம், பார்வையாளர் இல்லை. 46 வயது, இறுதிச்சுற்றுக்கு வரவில்லை. ஆனால் அரங்கத்திலிருந்த பயிற்றுநர்கள், தொண்டூழியர்கள், மற்ற நாட்டுப் பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள். அழுதுகொண்டே இதயம் மாதிரி கையைக் காட்டுகிறார். இதோடு போதும், மகனோடு இருக்கப்போகிறேன் என்று ஓய்வை அறிவித்தார். மகனுக்கு 21 வயது ஆகிவிட்டது.

அப்புறம் அந்த வருடம் முடிவதற்குள் திரும்பப் பயிற்சிக்குப் போய்விட்டார்!

தம்பி, இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வயதுப் பையன் வீட்டில் அம்மா நாள் முழுக்க என்ன செய்வது? அவனுக்கு வேண்டியது வைஃபை. எனக்கும் மகன் தேசிய சேவைக்குப் போன மாதம் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் தையல் மெஷினை எடுத்தேன், அவர் மேசைமேல் தாவினார். பெய்ஜிங் வரைக்கும் மகனுக்காக என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு வந்த வருடமெல்லாம் அவருக்காக. ஓர் அம்மா தனக்காக ஒன்று செய்தாள் என்று படம் போட்டால் எந்தக் குழுவிலும் யாரும் பகிர மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

ஈசூன்காரன்

அக்கா, அந்தக் கடைசி வரியை அப்படியே பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

ஹாங்சோவில் தங்கம் வாங்கிய வடகொரியாவின் அன் சாங்-ஓக் அலிஷேரைவிடச் சின்னவர் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

---

சிராங்கூன் ரவி

எந்தெந்தக் காணொளி பார்க்க வேண்டும் என்று யாராவது வரிசை கொடுங்கள். அறையில் பையன்கள் கேட்கிறார்கள்.

---

பழைய பயிற்றுநர்

1991 தரை, கண்டிப்பாக. பதினாறு வயதில் எவ்வளவு உயரம் எழும்புகிறார் பாருங்கள். அடுத்து 2008 வால்ட் இறுதிச்சுற்று முழுதாக, எட்டுப் பேரையும். அப்போதுதான் அந்த 0.075 புரியும். ரியோவில் தீபாவுக்காகப் பார்த்ததை மறுபடி போட்டு, இந்த முறை சுசோவிட்டினாவின் ஓட்டத்தைக் கவனியுங்கள். கடைசி மூன்று அடியில் அவர் வேகத்தைக் கூட்டுவார், சின்னப் பெண்கள் பலர் அங்கேதான் தயங்குவார்கள். ஹாங்சோவையும் பாருங்கள்.

---

கோப்பி ஓ கோசோங்

இவ்வளவு படித்த பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு ஆரம்ப வகுப்பு எங்காவது இருக்கிறதா? குட்டிக்கரணம் ஒன்று போட்டால் போதும், வேறு பேராசை இல்லை.

---

பீஷான் அம்மா

இருக்கிறது அண்ணே, என் மகள் போகிற இடத்திலேயே வார இறுதியில் பெரியவர்கள் வகுப்பு நடக்கிறது. நுரைமெத்தைக் குழி உண்டு, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. தனிச்செய்தி அனுப்புங்கள், விவரம் தருகிறேன். முட்டியை மட்டும் முதலில் பலதுறை மருந்தகத்தில் காட்டிவிட்டு வாருங்கள்.